தண்ணீர் போன வழியில் மைதானம்

மேட்ச் மாலை நான்கு மணிக்கு. மூன்று மணிக்கு நாங்கள் சிதம்பரத்தில் வேனை விட்டு இறங்கியபோது, வடக்குப் பக்கத்து கோல் போஸ்ட்டுக்குள் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அடுப்பின் மேல் ஆளுயர அண்டாக்கள். சமையல்காரர் ஒருவர் போஸ்ட்டின் மேல்கம்பியில் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார். பெனால்ட்டி பாக்ஸ் முழுக்கப் பந்தல் கால் நட்டிருந்தார்கள்.

அது ஒரு தனியார் பள்ளியின் மைதானம். எங்கள் கிளப் வருஷ வாடகைக்கு எடுத்திருந்தது. நான் கிளப்பின் செயலாளர். கடலூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு கோல் கீப்பர். எங்களுடையது பெண்கள் கால்பந்து கிளப். மாநில லீக்கின் மேல் பிரிவுக்கு ஏறி அது இரண்டாவது வருஷம். ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆடுகிற பிள்ளைகள். சென்னையிலும் மதுரையிலும் எங்களுக்குப் பெயர் இருந்தது. ஆடுவதற்குச் சொந்தமாக ஒரு அடி மண் இல்லை.

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிர்வாகி வூட்டு விசேஷம்மா. எனக்கே காலைலதான் சொன்னாங்க."

பள்ளி நிர்வாகிக்கு போன் போட்டேன். நான்காவது தடவை எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஒரு நாள்தானம்மா. கிரவுண்டு எங்கயும் ஓடிடாது. அடுத்த வாரம் ஆடிக்குங்க."

லீக் மேட்ச்சை நினைத்தபடி தள்ளிப்போட முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க நான் முயன்றுகொண்டிருக்கும்போதே எதிரணி பஸ் வந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் இறங்கிப் பந்தலைப் பார்த்துச் சிரித்தார்கள். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுக்கு ஆட்டோவில் ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. வேறு மைதானம் கேட்டு இரண்டு இடத்துக்கு அலைந்தேன். திரும்பி வந்தபோது நான்கேகால். விதிப்படி ரெஃப்ரி விசில் ஊதிவிட்டிருந்தார். வாக் ஓவர். ஆடாமலே மூன்று கோல் தோல்வி.

எங்கள் கேப்டன் பூட்ஸ் நாடாவைக்கூட அவிழ்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தடுப்பாட்டக்காரி. கல்யாணமாகி இரண்டு வயசுக் குழந்தைக்குத் தாய். பிரசவம் முடிந்து எட்டாவது மாதம் பயிற்சிக்குத் திரும்பியவள். என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, நம்ம கோலுக்குள்ள சாம்பார் கொதிக்குது. எவ்ளோ பேர் வந்து அடிச்சாலும் நான் வுட்டிருக்க மாட்டேன். இத எப்படித் தடுக்கறது?"

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பரங்கிப்பேட்டையிலிருந்து கிளப் தலைவர் ஸ்கூட்டரில் வந்தார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். சின்ன வயதில் கடற்கரை மணலில் பந்தாடியவர். பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. வேனுக்குள் தலையை நீட்டி, "யாரும் கவலப்படாதீங்க. இனிமே அடுத்தவன் எடத்துல நாம ஆட வேணாம்" என்றார்.

அவர் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அடுத்த சீசன் முதல் மேல் பிரிவில் இருக்கும் கிளப்புகள் சொந்த மைதானத்தையோ நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தையோ காட்ட வேண்டும் என்று லீக் புது விதி கொண்டுவந்திருந்தது. ஆள் அனுப்பிப் பார்வையிடுவார்கள். தேறாத கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போகும். பெரிய ஊர்க் கிளப்புகளே விழி பிதுங்கின. எங்களுக்குக் குத்தகை கொடுக்க யாரும் தயாராக இல்லை. பெண் பிள்ளைகள் ஆடுவதைப் பெருமையாகப் பேசுவார்கள், பத்திரம் என்றதும் எழுந்து போவார்கள்.

நிலம் இருக்கும் செய்தியைக் கொண்டுவந்தது கேப்டன்தான். புதுச்சத்திரம் தாண்டி, பி.முட்லூர் வருவதற்கு முன், சாலைக்குக் கிழக்கே அவள் புகுந்த வீடு இருக்கும் தெரு. அந்தத் தெருவை ஒட்டிக் கிழக்கே மூன்றரை ஏக்கர் தரிசு. "உப்பு பூத்த மண்ணுக்கா. நெல்லு வெளையாது. அதனாலதான் விக்கிறாங்க" என்றாள்.

பாய் ஒரு தென்னந்தோப்பை விற்று அதை வாங்கினார். பத்திரம் கிளப் பெயரில் பதிவானது. பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் ரசீதில் கிளப் பெயரை இரண்டு தடவை படித்தேன். சந்தேகமில்லை. எங்களை யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பு.

அந்த வாரம் தெருக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். முப்பது, நாற்பது வீடுகள். வயல் வேலைக்கும் இறால் பண்ணைக்கும் போகிறவர்கள். கேட்டது கேப்டனின் மாமியார். கணீரென்ற குரல்.

"மழ பெஞ்சா எங்க தெருவு தண்ணி இந்த நெலத்து வழியாதான் கெழக்கால வாய்க்காலுக்குப் போவும். அப்புறம் உப்பங்கழி. நீங்க மண்ணு கொட்டி மேடாக்கப் போறீங்க. தண்ணி போவ வழி வுடுவீங்களா?"

"கண்டிப்பா விடுவோம்" என்றேன். சொன்னது நான்தான். பாய் அங்கே இல்லை.

எங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர், மைதானத்தின் தெற்குப் பகுதிக்கு அடியில் மேற்கிலிருந்து கிழக்காக இரண்டு வரிசை சிமெண்ட் குழாய் பதிக்கச் சொன்னார். கோடை முழுக்க லாரிகள் சவுட்டு மண் கொட்டின. மூன்றடி உயர்ந்தது. முதல் வரிசைக் குழாய் பதித்தாயிற்று. இரண்டாவது வரிசைக் குழாய்கள் வர ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானது. புல் வேர் பிடிக்கக் காலம் வேண்டுமே என்று நான் அதற்குள் நடவை ஆரம்பித்துவிட்டேன். கேப்டனின் மாமியாரும் தெருப் பெண்களும்தான் நட்டார்கள். நாற்று நடுவதுபோல் வரிசையாகக் குனிந்து, அருகம்புல் துண்டுகளை ஒவ்வொன்றாக ஊன்றினார்கள். எப்படி நட்டால் பந்து சீராக உருளும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நெருக்கி நட்டார்கள்.

குழாய்கள் வந்து சேர்ந்த நாளில் தெற்குப் பக்கப் புல் பச்சை கட்டியிருந்தது. மேஸ்திரி வந்து நின்றார். "இப்ப பதிக்கணும்னா பதினெட்டு அடி அகலத்துக்குக் கிழிக்கணும் மேடம். மறுபடி புல்லு புடிக்க ரெண்டு மாசம்."

லீக்கிலிருந்து பார்வையிட வருவதற்கு ஏழு வாரம் இருந்தது.

"மழைக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஒரு வரிசை தாங்குமா மேடம்?"

"தாங்கும்."

தாங்குமா என்று எனக்குத் தெரியாது. பாயிடம் சொல்லவில்லை. கேப்டனிடமும் சொல்லவில்லை. குழாய்களைச் சாலையோரம் அடுக்கிவைத்தோம். போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி அங்கேயே கிடந்தன. யாரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லீக்கின் பார்வையாளர் வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. எங்கள் கடற்கரைக்கு அது புதிதில்லை. கார்த்திகையில் கடலில் தாழ்வு நிலை உருவாகும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், இரண்டு நாள் அடித்துவிட்டு ஓயும். ஆனால் அந்த மழை செவ்வாய் முழுக்க ஒரே வேகத்தில் பெய்தது. சாயங்காலம் கேப்டனுக்கு போன் போட்டு மைதானம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குக்கா. மேடாச்சே. ஒரு சொட்டு நிக்கல." நான் தெருவைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. தெருவு சனம் பூரா கடப்பாரையோட கிரவுண்டுல நிக்குது. அக்கா வரட்டும்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். ரொம்ப நேரம் நிறுத்த முடியாது."

"தண்ணி எவ்வளவு?"

"எங்க வூட்டுக்குள்ள மொழங்கால் வரைக்கும்."

கடலூர் ஓல்டு டவுனில் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் அருகே சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடியது. டிரைவர் முதல் கியரில் ஊர்ந்தார். நான் சீட்டில் உட்கார முடியாமல் படிக்கட்டருகே நின்றுகொண்டே போனேன். இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது சாலையோரக் குழாய்கள்தான். மழையில் கழுவிவிட்டதுபோல் வெள்ளையாக இருந்தன.

மைதானம் அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. பச்சை. திங்கட்கிழமை அடித்த சுண்ணாம்புக் கோடு மட்டும் கரைந்திருந்தது. அதன் மேற்கு விளிம்பில் நாற்பது ஐம்பது பேர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு இல்லை. பழுப்புத் தண்ணீரில் கூரைகளும் சுவர்களும் நின்றன. குழாயின் மேற்கு வாயில் தண்ணீர் சுழித்துச் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிசையால் அதற்கு மேல் முடியவில்லை.

கேப்டனின் மாமியார் முன்னால் வந்தார். "டீச்சரம்மா, இந்தப் புல்லு நட்டது நாங்க. வெட்டறதுக்கு எங்களுக்கும் கஷ்டம்தான். ஆனா வூட்டுல ஒல வெக்க எடமில்ல. கெழவனுங்கள கட்டில் மேல கட்டில் போட்டு உக்கார வெச்சிருக்கோம்."

"கொஞ்ச நேரம் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயிடம் பேசினேன். அவர் கண் ஆபரேஷன் முடிந்து சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். முழுவதையும் கேட்டார்.

"வெட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. நாளைக்குப் பத்து மணி வரைக்கும்தான் கேக்குறேன். அவுங்க பாத்துட்டுப் போன மறுநிமிஷம் நானே ஜேசிபி வுட்டு வெட்டுறேன். நம்ம புள்ளைங்க இத்தன வருஷம் பட்டது ஜாஸ்திம்மா. எறால் பண்ணைலேர்ந்து ரெண்டு டீசல் எஞ்சின் அனுப்பச் சொல்றேன். எறச்சுப் பாருங்க."

எட்டரைக்கு எஞ்சின்கள் வந்தன. கேப்டனின் கணவன் இறால் பண்ணையில் வேலை செய்கிறவன். அவன்தான் இறக்கிப் பூட்டினான். மைதானத்தின் மேல் நீளக் குழல்களைப் போட்டுத் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைத்தோம். தெரு முனையில் ஒரு செங்கல் சுவர். தண்ணீர் எத்தனையாவது கல்லில் நிற்கிறது என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதரைக்கு அரைக் கல் இறங்கியது. யாரோ டீ வாங்கி வந்தார்கள். நான் மனசுக்குள் நாளைக் காலை பத்து மணிக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணினேன்.

பத்து மணிக்கு மழை மறுபடி வலுத்தது. தண்ணீர், இறங்கிய அரைக் கல்லை ஒரே மூச்சில் ஏறி அடுத்த கல்லையும் முழுங்கியது. எல்லோரும் என்னைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன்.

பதினோரு மணி சுமாருக்குத் தெருவின் கோடியில் ஒரு சத்தம். இடிபோல் இல்லை. நனைந்த மூட்டை விழுவதுபோல் சொத்தென்று. ஒரு மண்சுவர் வீட்டின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த வீட்டுக் கிழவரைப் பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்திருந்தார். கட்டில் சுவருக்கு அடியில் கிடந்தது.

கூட்டம் மேட்டில் ஏறியது. நான் பெனால்ட்டி பாக்ஸ் கோடு இருந்த இடத்தில் நின்றிருந்தேன். கேப்டன் அவர்களுக்கும் எனக்கும் நடுவில், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். வீட்டுக்குள் இறக்கிவிட இடம் இல்லாததால் காலையிலிருந்தே குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது.

"நீ என்ன சொல்ற?" என்று அவளைக் கேட்டேன்.

"என்ன ஏங்க்கா கேக்குறீங்க? செக்ரெட்டரி நீங்க." குழந்தையின் தலையில் கோணியை இழுத்துவிட்டாள். "ஒண்ணு நான் கேக்கவா? ரெண்டாவது வரிசைக் கொழா ஏன் போடல?"

கூட்டத்தில் சிலர் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல கொழா வரலன்னு சொன்னீங்க. வந்து எத்தன நாளாவுது? நான் தெனம் அது பக்கத்துலதான் பஸ் ஏறுறேன். கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

மழை முகத்தில் அடித்தது. எதிர்த்து வரும் ஆளைப் பார்த்துக் கோலை விட்டு வெளியே வருவதா நிற்பதா என்று தவிக்கும் அந்த ஒரு நொடி கோல் கீப்பராக இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த நொடியில் நின்றுவிட்டால் கதை முடிந்தது.

"புல்லு கெட்டுடும்னு நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றேன். "பாய்க்குத் தெரியாது. வேற யாருக்கும் தெரியாது. நான்தான்."

கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெட்டுங்க" என்றேன்.

மாமியார் தன் கையிலிருந்த மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "மொத வெட்டு நீங்க வெட்டுங்க. நாளைக்கு உங்க ஆளுங்க வந்து கிரவுண்ட நாசம் பண்ணிட்டாங்கன்னு எங்க பசங்க மேல கேஸு குடுத்தா நாங்க எங்க போறது?"

வாங்கி வெட்டினேன். ஈர மண்ணில் மண்வெட்டி சுலபமாக இறங்கியது.

கேப்டனின் கணவன் எல்லோரையும் கிழக்கே திருப்பினான். "வாய்க்கா பக்கத்துலேர்ந்து வெட்டிக்கினு வாங்க. தெருவு பக்கம் கடைசிலதான் ஒடைக்கணும். முன்னாடியே ஒடைச்சா வேல செய்யறவன இழுத்துக்கினு போயிடும்." அப்படியே செய்தோம். சிதம்பரம் விடுதியில் தங்கியிருந்த எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மூன்றடி ஆழம், நான்கடி அகலம், தெற்கு பெனால்ட்டி பாக்ஸின் குறுக்கே. என் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்தன. நல்லது என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் ஒரு கஜ மண் மட்டும் மிச்சம். எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, கேப்டனின் கணவனும் இன்னும் இரண்டு பேரும் கடப்பாரையால் குத்தினார்கள். முதலில் ஒரு விரல் தடிமனில் தண்ணீர் வந்தது. அடுத்து முழங்கை. அப்புறம் மொத்தமும் ஒரேயடியாக.

நாங்கள் வெட்டிய நான்கடி கால்வாயை அந்தத் தண்ணீர் மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் மண்ணைத் தின்றது. புல் பாய் பாயாகப் பிய்ந்து போனது. அவர்களில் இரண்டு பேர் குதித்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கேப்டனின் கணவன் நின்ற விளிம்பு அவனோடு சேர்ந்து விழுந்தது.

அவன் தலை ஒரு முறை தெரிந்தது, மறைந்தது. கேப்டன் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் கரையோடு ஓடினாள். அவள் கத்தவில்லை, ஓடினாள். தெற்கு கோல் போஸ்ட்டின் அடிமண் அரித்து, போஸ்ட் கால்வாய்க்குள் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போய் அதில்தான் மோதியது. அவன் கையில் வலை சிக்கியது. கேப்டன் படுத்துக்கொண்டு வலையின் இந்த நுனியைப் பிடித்தாள். அவள் காலை எங்கள் நடுக்களக்காரி பிடித்தாள், அவளை இன்னொருத்தி. தெரு ஆட்கள் ஓடிவந்து வலையை இழுத்தார்கள். அவன் மேலே வந்து குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். நெற்றியில் ஆழமான வெட்டு.

கேப்டன் அவன் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள். என் தோளில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் குழந்தையை வாங்க வரவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குத் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. பெண்கள் பெருக்கித் தள்ள ஆரம்பித்தார்கள். நான் பாயைக் கூப்பிட்டேன்.

"வெட்டிட்டேன் பாய்."

அவர் பேசுவதற்குள் மற்றதையும் சொன்னேன்.

"ரெண்டாவது வரிசைக் குழாய் போடவே இல்ல. நான்தான் நிறுத்தினேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"போடலயா?" என்றார். அப்புறம் போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போனதோ, அவர் வைத்தாரோ.

வியாழக்கிழமை மழை இல்லை. பார்வையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற ரெஃப்ரி. பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தார். மைதானத்தின் தெற்குக் கால்வாசி ஓடையாகியிருந்தது. விளிம்பில் நின்று நாடாவால் அளந்தார். கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார்.

"சொந்த மைதானம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். பத்திரம் இருக்கு."

"நிலம் சொந்தம். சரி." ஓடையைப் பார்த்தார். "இதுல ஆட முடியாதேம்மா."

"நாலு மாசம் குடுத்தா..."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல. இன்னைக்கு என்ன இருக்கோ அதத்தான் எழுதணும்." எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது இடிந்த வீட்டை நின்று பார்த்தார். "அங்க யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல சார்."

"தெருத் தண்ணி வடியத்தான் வெட்டினீங்கன்னு, அதையும் எழுதறேன். பிரயோஜனம் இருக்குமான்னு தெரியல."

பிரயோஜனம் இருக்கவில்லை. கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டோம். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. கிளப் கீழே போனால் ஆட்டக்காரர்கள் விலகிக்கொள்ளலாம். ஐந்து பேர் போனார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. கேப்டன் கடைசியாக வந்தாள். மதுரைக் கிளப் ஒன்று கூப்பிட்டிருந்தது.

"குழந்த?" என்று கேட்டேன்.

"மாமியார் பாத்துக்குறேன்னு சொல்றாங்க. சம்பளம் வேணும்க்கா. வூடு பூசணும்."

"என் மேல கோவமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இருக்குதுக்கா. கொழா வந்தப்பவே எங்ககிட்ட சொல்லியிருந்தா, நாங்களே கிழிச்சு பதிச்சுட்டு ராத்திரி பகல்னு பாக்காம புல்லு நட்டிருப்போம். கேக்காமலே எங்கள அந்தப் பக்கம் வெச்சிட்டீங்க."

ராஜினாமாக் கடிதம் எழுதிப் பாய் வீட்டுக்கு அனுப்பினேன். மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் பள்ளிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். புதுச்சத்திரம் பக்கம் போகவே இல்லை. மாசியில் ஒரு நாள் இடைவேளை மணி அடித்த நேரத்தில் பள்ளி வாசலில் பாய் ஸ்கூட்டரோடு நின்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"உன் கடுதாசிய நான் படிக்கல. கண்ணு சரியில்ல" என்றார். பொய். பிறகு, "எனக்கும் அதுல பங்கு இருக்குதும்மா. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் வெட்ட வேணாம்னு கேட்டேன்ல. அந்தக் கெழவர் கட்டில்ல இருந்திருந்தா?" என்றார்.

மறுபடியும் தொடங்கினோம். தண்ணீர் தானாக வெட்டிக்கொண்ட வழியை இந்த முறை மூடவில்லை. அதில் அகலமான கான்கிரீட் வடிகால் கட்டி, இடத்தை வடக்கே தள்ளிக் கோடு போட்டோம். நீளம் சற்றுக் குறைந்தது. விதி அனுமதிக்கும் அளவுக்குள் எப்படியோ அடங்கியது. இடிந்த வீட்டை எங்கள் பிள்ளைகளும் தெருக்காரர்களும் சேர்ந்து எழுப்பினார்கள். தெருவிலிருந்து இரண்டு பேர் மைதானக் கமிட்டியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கேப்டனின் மாமியார். வேலி போட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, தெருப் பக்கம் இரண்டு வழி விட்டால்தான் கையெழுத்து என்று நின்று சாதித்தார். அடுத்த கார்த்திகையில் மழை கொட்டியபோது நான் முந்தின நாளே போய் வடிகால் வாயில் குடையோடு நின்றேன். அது முழுத் தண்ணீரையும் வாங்கியது. அப்படியும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு சீசன் கழித்து மேல் பிரிவுக்குத் திரும்பினோம். எங்கள் மண்ணில் முதல் மேட்ச் மதுரைக் கிளப்போடு. எதிரணிச் சட்டையில் எங்கள் பழைய கேப்டன்.

எதிரணிக்கென்று ஒதுக்கிய அறைக்கு அவள் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே தன் வீட்டுக்குப் போய் ஜெர்ஸி மாற்றிக்கொண்டு வந்தாள். தெருவே வந்து வேலியோரம் நின்றது. பாதிப் பேர் எங்களுக்குக் கைதட்டினார்கள், பாதிப் பேர் அவளுக்கு. அவள் மாமியார் இரண்டு பக்கத்துக்கும் சத்தம் போட்டார். ஆட்டம் இறுகிப்போய்க் கிடந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி தனியாகப் பந்தோடு ஓடினாள். எதிரே கோல் கீப்பர் மட்டும். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். எங்கிருந்தோ கேப்டன் சறுக்கி வந்து பந்தை மட்டும் தட்டி வெளியே அனுப்பினாள். சுத்தமான தடுப்பு. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

அவர்கள் பஸ் கிளம்புவதற்கு முன் அவளிடம் போனேன். குழந்தை வளர்ந்து, அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் நெற்றியில் தழும்போடு பக்கத்தில் நின்றான்.

"அந்தப் பந்த வுட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"ஏன் வுடணும்?" என்று சிரித்தாள். "எங்க கிரவுண்டுக்கா இது."

"அடுத்த சீசன் வரியா?"

"ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருக்குது."

"அதுக்கு அப்புறம்?"

குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். "அப்புறம் கேளுங்க. யோசிச்சு சொல்றேன்." பஸ் ஹாரன் அடித்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டு, வீட்டில் பால் காய்ச்சி வைத்திருப்பதாகவும் குழந்தைக்கு மறக்காமல் கொடுக்கும்படியும் கணவனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.